போர்ட் ஸ்ட்ராக்லின்: இல்லாத ஊரின் கடற்கரை (ரிச்சர்ட் டாட், நீர்வண்ணம், 1861)

#1 வெண்தாள்

விக்டோரியா காலத்துக் கடற்கரை நீர்வண்ணங்கள் பற்றிய பழைய இழையில் டர்னர், டேவிட் காக்ஸ் என்று இரண்டு பேரையே சுற்றிச் சுற்றி வந்தோம். ரிச்சர்ட் டாட் பெயரை யாரும் எடுக்கவே இல்லை. அந்தக் குறைக்கு இந்த இழை.

படம் 1861இல் வரைந்தது. இப்போது பிரிட்டிஷ் மியூசியத்தில் இருக்கிறது. சுமார் 19 செ.மீ. உயரம், 14 செ.மீ. அகலம், அவ்வளவுதான். ஒரு துறைமுகம். தண்ணீரை ஒட்டிச் செங்குத்தாக எழும் பாறை, அதன் தலையில் கோட்டை, காலடியில் நெருக்கியடித்துக்கொண்டு ஓர் ஊர், பாய்மரக் கப்பல்கள், பொடிப் பொடியாக மனிதர்கள், எட்டத்தில் கலங்கரை விளக்கம். வெளிறிய, அடங்கிய நிறங்கள். ஓர் இடத்திலும் தூரிகை அழுந்தவில்லை.

தலைப்பை அவரே எழுதியிருக்கிறார், அதுவும் நீளமாக: போர்ட் ஸ்ட்ராக்லினின் ஒரு பகுதியின் பொதுத்தோற்றம், தனிமைப் பாறையும் கோட்டையும், தொலைவில் பிளிங்கர் கலங்கரை விளக்கம். கூடவே, இது இயற்கையைப் பார்த்து வரைந்ததல்ல என்று ஒரு குறிப்பு. அப்படியோர் ஊர் உலகத்தில் எங்கும் கிடையாது.

வரைந்த இடம் லண்டனில் பெத்லெம் மனநல மருத்துவமனை. 1843 ஆகஸ்டில், 26 வயதில், பெற்ற தகப்பனைக் கொன்றவர் டாட். 1844இல் உள்ளே போனார். 1886இல் இறக்கும்வரை விடுதலை இல்லை. இந்தப் படம் வரையும்போது வயது 44.

இதெல்லாம் தெரியாத ஒருவர் இந்தப் படத்தைப் பார்த்தால் என்ன சொல்வார் என்று யோசித்துக்கொண்டிருக்கிறேன். கைத்திறன் உள்ள ஒரு பயண ஓவியர் எங்கோ மத்தியதரைக் கடல் பக்கம் உட்கார்ந்து வரைந்தது என்றுதான் சொல்வார் என்பது என் கணிப்பு. கதை தெரிந்த பிறகு நாம் கடலையே பார்ப்பதில்லை, நோயைத் தேட ஆரம்பித்துவிடுகிறோம். இந்தப் படத்தை ஓர் ஓவியரின் வேலையாக மட்டும் பார்க்க வழி இருக்கிறதா?

#2 சாம்பல்குருவி

இல்லை சார். பைத்தியக்கார ஓவியர் என்ற ஒரு விஷயத்துக்காகத்தானே இன்றைக்கு அவரைப் பேசுகிறோம்? அப்பாவைக் கொல்லாமல் இருந்திருந்தால் தேவதைப் படம் போட்ட நூறு ஆங்கிலேயர்களில் நூற்றோராவது ஆள். உள்ளே அடைபட்டவர் கோட்டைக்குத் தனிமை என்று பேர் வைக்கிறார். இதில் நோயைத் தேட வேண்டிய அவசியமே இல்லை, படத்தின் உச்சியிலேயே உட்கார்ந்திருக்கிறது. வேண்டுமென்றே கண்ணை மூடிக்கொண்டு "கைத்திறன், கைத்திறன்" என்றால் எப்படி?

#3 நடத்துநர்

மனநோய் உள்ளவர்களை அந்தச் சொல்லால் குறிப்பிடுவது இங்கே வழக்கமில்லை. பதிவில் கை வைக்கவில்லை, இனி கவனம். விவாதம் தொடரட்டும்.

#4 இரவுப்பணி

மனநல மருத்துவத்தில் இருக்கிறேன், அதனால் இந்த இழையைத் தாண்டிப் போக முடியவில்லை.

டாட்டின் நோய்க்கு ஆவணம் உண்டு, யூகம் இல்லை. 1842 ஜூலையில் சர் தாமஸ் பிலிப்ஸ் என்பவரோடு ஓவியராகப் பயணம் கிளம்புகிறார். பிலிப்ஸ் வேல்ஸின் நியூபோர்ட்டில் மேயராக இருந்தவர், 1839இல் அங்கே வாக்குரிமை கேட்டுத் தொழிலாளர்கள் நடத்திய சார்ட்டிஸ்ட் கிளர்ச்சியை எதிர்கொண்டதற்காக சர் பட்டம் வாங்கியவர். கிரீஸ், துருக்கி, ரோட்ஸ், சிரியா, ஜெருசலேம், கடைசியாக எகிப்து. நைல் நதிப் பயணத்தின்போதுதான் குணம் மாறியது மற்றவர்கள் கண்ணில் பட்டது. வெயில் தாக்கிவிட்டது என்று நினைத்தார்கள். ஒசைரிஸ் என்ற எகிப்தியக் கடவுள் தனக்குக் கட்டளையிடுவதாக நம்பத் தொடங்கினார். ரோமில் போப்பைத் தாக்க வேண்டும் என்று ஒரு வேகம் வந்திருக்கிறது. 1843 வசந்தத்தில் பாரிசிலிருந்து தனியாகக் கிளம்பி ஊர் திரும்பினார். ஆகஸ்டில் கென்ட் பகுதியின் கோபம் பூங்காவில் தகப்பனைக் கொன்றார். அங்கிருந்து பிரான்சுக்கு ஓடி, போகிற வழியில் வண்டியில் கூட வந்த ஒரு பயணியையும் சவரக்கத்தியால் தாக்கிப் பிடிபட்டார்.

உடன்பிறந்தவர்களிலும் நோய் இருந்தது. தம்பி ஜார்ஜும் அதே பெத்லெமில் நோயாளி. அதனால் வெயில் கதையை ஒதுக்கிவிடலாம்.

ஆனால் சாம்பல்குருவி, உங்கள் முடிவோடு எனக்கு ஒத்துப்போகவில்லை. இது நோயாளியின் படம் என்று தெரியாமல் என்னிடம் கொடுத்திருந்தால் அதில் நோயின் அடையாளம் எதையும் நான் காட்டியிருக்க மாட்டேன். கோட்டையைத் தனிமை என்று அழைப்பது ஒரு கைதி போடும் கசப்பான வேடிக்கை. வேடிக்கை நோய்க்குறி ஆகாது. தீவிரப் பிரமைகளோடு இருப்பவர்கள் மற்ற நேரத்தில் சாதாரணமாகச் சமைப்பார்கள், கணக்குப் போடுவார்கள், கிண்டல் செய்வார்கள். ஓவியர் என்றால் ஓவியமும் போடுவார்.

#5 ஐப்பசி

நான் நீர்வண்ணக்காரி. கோட்டையை விட்டுவிட்டுத் தாளுக்கு வருகிறேன்.

இந்தப் படத்தைப் பற்றி எங்கே எழுதினாலும், பொடிப் பொடியாகப் புள்ளி வைத்து வரைந்ததை ஒரு வெறி மாதிரி எழுதுகிறார்கள். எனக்குச் சிரிப்புதான் வருகிறது. அந்தக் காலத்து இங்கிலாந்தில் ஸ்டிப்பிள் முறை நல்ல விலைக்குப் போகும் பாணி. பறவைக் கூடுகளையும் பழங்களையும் வரைந்து பேர் வாங்கிய வில்லியம் ஹென்றி ஹன்ட் அப்படித்தான் புள்ளி புள்ளியாக வைத்தார். ஜான் ஃபிரெடரிக் லூயிஸ் கெய்ரோவில் பத்து வருஷம் இருந்தவர், அங்கிருந்தபடியே 1850இல் லண்டனில் காட்சிக்கு வைத்த அந்தப்புரப் படத்தைப் பாருங்கள், ஒவ்வொரு ஜன்னல் பலகணி நிழலையும் ஊசிமுனையில் வைத்த மாதிரி இருக்கும். அவர்களை யாரும் வெறி பிடித்தவர்கள் என்று சொல்லவில்லை. பொறுமைசாலிகள் என்றார்கள், காசும் கொடுத்தார்கள்.

புள்ளி வைப்பது என்றால் என்னவென்று சொல்கிறேன். பெரிய தூரிகையில் நிறைய தண்ணீர் எடுத்து ஒரே இழுப்பில் வானத்தை இறக்குவது வாஷ். அதில் பாதி வேலை தண்ணீருடையது, அது எங்கே போகிறதோ அங்கே நாமும் போக வேண்டும். ஸ்டிப்பிளில் தண்ணீருக்கு அந்தச் சுதந்திரம் கிடையாது. தூரிகையை ஏறக்குறைய உலரவைத்து, நுனியால் ஒரு புள்ளி, காய்ந்த பின் பக்கத்தில் ஒரு புள்ளி. தந்தத் தகட்டில் சிற்றுருவம் வரைந்தவர்களின் வழி அது. கண் தூரத்திலிருந்து பார்க்கும்போது புள்ளிகள் கலந்து காற்று மாதிரி ஆகிவிடும். டாட்டின் கடலும் வானமும் அவ்வளவு லேசாக இருப்பதற்கு இதுதான் காரணம் என்று நினைக்கிறேன். வெள்ளைத் தாள் புள்ளிகளுக்கு நடுவே மூச்சு விடுகிறது.

சின்னத் தாள், சின்னத் தூரிகை, எவ்வளவு வேண்டுமானாலும் நேரம். பொது வார்டில் ஒரு மேசையோரத்தில் உட்கார்ந்து வேலை செய்கிறவருக்கு இதைவிடப் பொருத்தமான முறை இல்லை. வாஷ் போடும்போது யாராவது தோளில் இடித்தால் படம் போச்சு. புள்ளியில் ஒரு புள்ளிதான் போகும். (எங்கள் வீட்டிலும் அதுவே நிலைமை.)

#6 வன்னிமரம்

லண்டனில இருக்கிறன், இந்தப் படத்தை நேரில பாத்தனான். பிரிட்டிஷ் மியூசியத்தில மேல்மாடியில 90ஆம் அறைப் பக்கம் அச்சு, வரைபடப் பிரிவின்ர வாசிப்பறை இருக்கு. முன்கூட்டியே பதிவு செய்தால் பெட்டியோட கொண்டுவந்து முன்னால வைப்பினம். பென்சில் மட்டும்தான் கையில வைச்சிருக்கலாம்.

ஐப்பசி அக்கா சொன்னது முழுக்கச் சரி. ஆனா கணினித் திரையில பாத்தால் இந்தப் படத்தின்ர அளவு பிழையாத்தான் மனசில பதியும். திரையில பெருப்பிச்சுப் பெருப்பிச்சுப் பாக்கேக்க அது பெரிய நகரம் மாதிரி. கையில வந்தால் அதை எவ்வளவு கிட்டப் பிடிச்சாலும் ஊர் தூரத்திலதான் நிக்கும்.

இன்னொண்டு. எல்லாரும் மத்தியதரைக் கடல் எண்டுதான் கதைக்கிறியள். டாட் பிறந்தது சாத்தம், கென்ட். மெட்வே ஆற்றங்கரையில அரச கடற்படையின்ர பெரிய கப்பல் கட்டும் தளம் இருந்த ஊர். நெல்சன்ர விக்டரி கப்பல் அங்கதான் கட்டினது. பக்கத்து ஊர் ரோசெஸ்டர், டாட் படிச்ச பள்ளிக்கூடம் அங்க. ரயிலில போகேக்க பாருங்கோ, ஆற்றுக்கு மேல பன்னிரண்டாம் நூற்றாண்டு நோர்மன் கோட்டை தூக்கி நிக்கும், கீழ தண்ணி, தண்ணியில கப்பல், கரையில நெருக்கமா வீடுகள். சின்னப் பெடியனா இருக்கேக்க ஒவ்வொரு நாளும் பாத்த காட்சி அது. கோட்டைக்குக் கீழ துறைமுகம் எண்டது அந்த மனிசனுக்கு எகிப்துக்குப் போய்ப் படிக்க வேண்டிய பாடமில்லை.

#7 சாம்பல்குருவி

வன்னிமரம் அண்ணா, ரோசெஸ்டர் நல்ல புள்ளி, குறித்துக்கொண்டேன். ஆனால் அதுவும் என் பக்கம்தான் பேசுகிறது. டாட் சிறுவனாக இருந்தபோது அந்த மெட்வே ஆற்றில் நின்ற கப்பல்கள் எல்லாம் போர்க்கப்பல்கள் இல்லை. பாய்மரம் கழற்றிய பழைய கப்பல்களில் கைதிகளை அடைத்து வைத்திருந்தார்கள். மிதக்கும் சிறைகள். அதையும்தானே அவர் பார்த்து வளர்ந்தார்? கோட்டை, துறைமுகம், சிறை எல்லாம் அந்த ஊரில் ஒரே காட்சிதான்.

டாக்டர் நோய்க்குறி இல்லை என்கிறார். ஒப்புக்கொள்கிறேன், அந்த வாதத்தை விட்டுவிடுகிறேன். நான் சொல்ல வருவது நோய் அல்ல, சிறை. பதினேழு வருஷம் பூட்டிய கதவுக்குள் இருந்தவர் ஒரு துறைமுகத்தை வரைகிறார். துறைமுகம் என்பது கிளம்பிப் போகிற இடம். அதை வெறும் கைத்தொழில் என்று வெண்தாள் சுருக்குவது எனக்குச் சம்மதமில்லை.

#8 கொடிமரம்

வணிகக் கப்பலில் முப்பது வருஷத்துக்கு மேல். ஓவியம் தெரியாது, துறைமுகம் தெரியும். மகன் இந்த இழையை அனுப்பினான்.

பாறை நேராகத் தண்ணீருக்குள் இறங்குகிற கரை என்றால் ஒட்டியே ஆழம் இருக்கும். பெரிய கப்பல் கரைக்குக் கிட்டே வரலாம். அந்த வகையில் ஊர் சரியான இடத்தில் இருக்கிறது. ஆனால் உயரமான பாறைக்குக் கீழே பாய்மரக் கப்பலை நிறுத்துவது தலைவலி. காற்று மேலே முட்டிச் சுருண்டு திடீர் திடீரென்று கீழே விழும், எந்தத் திசையிலிருந்து அடிக்கும் என்று சொல்ல முடியாது. படத்தில் தண்ணீர் பால் மாதிரி அசையாமல் கிடக்கிறது. அவ்வளவு உயரப் பாறையின் கீழே அப்படிப்பட்ட தண்ணீரை நான் அதிகம் பார்த்ததில்லை.

ஆக, இந்த மனிதர் துறைமுகத்தைக் கண்ணால் பார்த்திருக்கிறார், கப்பலைக் கையாண்டதில்லை. குற்றமாகச் சொல்லவில்லை. பயணியாக மேல்தளத்தில் நின்று பார்த்தவரின் துறைமுகம் அது.

#9 வெண்தாள்

கொடிமரம் ஐயா, வருக. நீங்கள் சொன்னது நான் நாலு பத்தி எழுதித் திணறியதை இரண்டு வரியில் முடித்துவிட்டது. பயணி மேல்தளத்தில் நின்று பார்த்த துறைமுகம்! அதேதான்.

அந்தப் பயணத்தில் டாட் சும்மா வேடிக்கை பார்க்கப் போகவில்லை. அவரைப் பிலிப்ஸுக்குச் சிபாரிசு செய்தவர் டேவிட் ராபர்ட்ஸ், கிழக்கு நாடுகளை வரைந்து புகழ் பெற்றவர். வேலை, போகிற இடமெல்லாம் வரைவது. பிலிப்ஸ் ஓர் இடத்திலும் நிற்கவிடவில்லை, ஓட்டமாக ஓட்டினார். குதிரையிலும் படகிலும் போகிற போக்கில் குறித்துக்கொள்ள வேண்டியிருந்தது. அந்தப் பயணத்தின் ஒரு குறிப்பேடு இன்று விக்டோரியா ஆல்பர்ட் மியூசியத்தில் இருக்கிறது. ரோட்ஸ், போட்ரம் இரண்டு ஊர்களுக்கும் போனார். இரண்டிலும் சிலுவைப்போர் வீரர்கள் கட்டிய கோட்டை கடலை ஒட்டி நிற்கிறது. திரும்பும்போது மால்ட்டா, நேப்பிள்ஸ். பாதிக் காட்சியை ஒரே பார்வையில் வாங்கிக்கொண்டு மீதியைப் பிறகு கட்டிக்கொள்ளும் பழக்கம் அந்தப் பயணத்தில் வந்தது என்பது என் எண்ணம். பெத்லெமுக்கு உள்ளே போன புதிதிலேயே, 1845 வாக்கில், பாலைவனத்தில் இரவுத் தங்கலை நிலவொளியில் நீர்வண்ணமாக வரைந்திருக்கிறார். 1986இல் பிபிசியின் பழம்பொருள் நிகழ்ச்சிக்கு யாரோ ஒரு தம்பதி கொண்டுவந்து காட்டினார்களே, அந்தப் படம். பிறகு பிரிட்டிஷ் மியூசியம் 1,00,000 பவுண்டுக்கு வாங்கியது.

சாம்பல்குருவி, சிறையை நான் மறைக்கவில்லை. ஒரு கணக்கு மட்டும் போட்டுப் பாருங்கள். டாட் கடைசியாகக் கடலைப் பார்த்தது எப்போது? 1844இல், பிரான்சில் பிடிபட்டிருந்தவரை இங்கிலாந்துக்குக் கொண்டுவந்தபோது ஆங்கிலக் கால்வாயைத் தாண்டியிருக்க வேண்டும். காவலர்களோடு. அவருக்குத் தெரிந்த கடைசிக் கடல் அது. சிறைதான் விஷயம் என்றால் வரைய வேண்டிய கடல் அதுவாக இருந்திருக்கும், சாம்பல் நிறமும் அலையும் காவலுமாக. அவர் வரைந்தது அதை அல்ல. அதற்கு முந்தைய கடல்களையெல்லாம் சேர்த்துப் புதிதாக ஒன்று கட்டினார். எதை எடுப்பது எதை விடுவது என்று உட்கார்ந்து முடிவெடுத்தவர் செய்கிற வேலை இது.

#10 தாமோ

அருமையான இழை. புதியவன், இரண்டு சந்தேகம்.

ஒன்று, கொலை செய்தவருக்கு யார் பெயின்ட்டும் தூரிகையும் கொடுத்தார்கள்? தூக்கில் போடாமல் விட்டது எப்படி? இரண்டு, இவருடைய கூட்டாளிகள் யாரும் இவரை நினைக்கவில்லையா?

#11 இரவுப்பணி

தாமோ, தூக்கு விஷயம்: 1800இல் ஜேம்ஸ் ஹாட்ஃபீல்டு என்பவர் மூன்றாம் ஜார்ஜ் மன்னரை நாடக அரங்கில் சுட முயன்றார். மனநோய் என்று தீர்ப்பானது. அப்படிப்பட்டவரை என்ன செய்வது என்று சட்டத்தில் வழி இல்லாததால் அந்த வருஷமே அவசரமாக ஒரு சட்டம் போட்டார்கள். அரசர் விரும்பும் காலம்வரை காவலில் வைக்கலாம் என்பது அதன் சாரம். காலவரை கிடையாது. டாட்டையும் அந்த ஏற்பாட்டில்தான் வைத்தார்கள். அவர்மீது வழக்கு விசாரணை முழுதாக நடக்கவே இல்லை. மனநோயாளியைக் குற்றத்துக்குப் பொறுப்பாக்கலாமா என்று பார்க்கும் மெக்நாட்டன் விதி சட்டம் படித்தவர்களுக்குத் தெரிந்திருக்கும். அந்த டேனியல் மெக்நாட்டனும் 1843இல்தான் கொலை செய்தார், பெத்லெமுக்கு வந்தார். டாட்டும் அவரும் ஒரே மருத்துவமனையில் இருபது வருஷம். சட்டப் புத்தகம் ஒருவரையும் கலைப் புத்தகம் மற்றவரையும் எடுத்துக்கொண்டது.

தூரிகை விஷயம்: முதல் வருஷங்களில் டாட் இருந்த குற்றவாளிகள் பிரிவு கொடுமையான இடம். கனத்த கம்பிகள், இருட்டு, எல்லா வகைக் குற்றவாளிகளும் ஒன்றாக. அங்கேயும் அவரை வரைய விட்டார்கள். 1852இல் வில்லியம் சார்ல்ஸ் ஹுட் என்ற இளம் மருத்துவர் பொறுப்புக்கு வந்த பின் நிலைமை மாறியது. ஜன்னலைப் பெரிதாக்கினார், பூவும் பறவையும் புத்தகமும் உள்ளே வந்தன. 1857இல் டாட் போன்ற சிலரைக் குற்றவாளிகள் பிரிவுக்கு வெளியே வசதியான வேறு வார்டுக்கு மாற்றினார். நிர்வாகி ஜார்ஜ் ஹென்றி ஹேடன் தானும் படம் வரைகிறவர், ஆஸ்திரேலியாவில் சுற்றிவிட்டு வந்தவர். டேட் காலரியில் கூட்டம் கூடிப் பார்க்கிற அந்தத் தேவதைப் படம், 1855 முதல் 1864 வரை இழுத்தது, ஹேடனுக்காகத் தொடங்கியதுதான். போர்ட் ஸ்ட்ராக்லின் அந்த ஒன்பது வருஷத்துக்கு நடுவில் வருகிறது. அங்கே புல்லுக்கும் டெய்சிப் பூவுக்கும் நடுவே மூச்சு முட்டும் நெரிசல். இங்கே திறந்த வெளி.

ஹுட்டின் குறிப்புகளிலிருந்து தெரிவது: நம்பிக்கைகள் மாறவில்லை, சில நேரம் கட்டுமீறிப் போவார், ஆனால் பேச உட்கார்ந்தால் நன்றாகப் படித்த, இனிமையான மனிதர்.

#12 வன்னிமரம்

தாமோ தம்பி, கூட்டாளியளைப் பற்றி. லண்டன் ராயல் அக்கடமி ஓவியப் பள்ளியில படிக்கேக்க இவையள் ஒரு சின்னக் குழு: வில்லியம் பௌவல் ஃபிரித், அகஸ்டஸ் எக், ஜான் ஃபிலிப், ஓ'நீல், வார்ட். ஃபிலிப் டாட்டின்ர தங்கச்சியைக் கலியாணம் முடிச்சவர். பிற்காலத்தில அந்தப் பிள்ளைக்கும் இதே நோய்.

ஃபிரித்தின்ர கதைதான் இந்த இழைக்கு வேணும். 1854இல ராம்ஸ்கேட் கடற்கரையை எண்ணெய் வர்ணத்தில பெரிய படமாப் போட்டார். குடை, கூடை, பேப்பர் வாசிக்கிற ஆக்கள், தண்ணியில கால் நனைக்கிற பிள்ளையள், கடற்கரை முழுக்கச் சனம். விக்டோரியா ராணி அதை வாங்கினா. ஒரே பள்ளிக்கூடத்துப் பெடியள் ரெண்டு பேர். ஒருத்தர் ரயிலேறிப் போய்ச் சனத்தைப் பாத்துக் கடற்கரை வரையிறார், அது ராணியிட்டப் போய்ச் சேருது. மற்றவர் ஏழு வருசம் கழிச்சு உள்ளுக்க இருந்து ஆரும் போகேலாத கரையை வரையிறார். ஃபிரித் கிழவனாகி எழுதின நினைவுக்குறிப்பில டாட்டைப் பற்றி அன்பாத்தான் எழுதியிருக்கிறார்.

இன்னொரு விசயம். டாட் வெளியில இருக்கேக்கயே கடற்கரை வரைஞ்சவர். 1842இல அக்கடமியில வைச்ச படம், ஷேக்ஸ்பியரின்ர புயல் நாடகத்துப் பாட்டை வைச்சு: மஞ்சள் மணலில தேவதையள் வளையமாச் சுத்துறது. பயணம் போக முந்தி. கடற்கரை அப்ப மேடை, ஆட்டம். 1861இல ஆட்டமில்லை. துறைமுகத்து ஆக்கள் தங்கட தங்கட பாட்டில நிக்கினம்.

#13 சாம்பல்குருவி

வெண்தாள் சார், கடைசியாகப் பார்த்த கடலை அவர் வரையவில்லை என்ற வாதம் வலுவானதுதான். இரண்டு நாளாக அதையே யோசித்தேன். ஆனால் ஒரு கேள்வி மிச்சம். எல்லாவற்றையும் அவர் நிதானமாகத் தேர்ந்தெடுத்துக் கட்டினார் என்றால் தனிமைக் கோட்டையையும் அவர்தானே தேர்ந்தெடுத்தார்? கைத்திறனுக்கு மட்டும் அவரைப் பொறுப்பாக்கிவிட்டு, பெயருக்கு வரும்போது "அது வேடிக்கை" என்று தள்ளிவிட முடியாது. அவர் அதை ஊரின் நடுவில், எல்லாருக்கும் மேலே, எங்கிருந்து பார்த்தாலும் தெரிகிற மாதிரி வைத்திருக்கிறார். கப்பல்கள் எல்லாம் அதன் காலடியில். நேரில் பார்த்து வரையவில்லை என்று சொல்ல வேண்டிய தேவையும் யாருக்கும் இல்லை, பெத்லெமில் உள்ளவர் துறைமுகத்துக்குப் போயிருக்க முடியாது என்று எல்லாருக்கும் தெரியும். ஆனாலும் எழுதுகிறார். பார்க்கிறவரை நேருக்கு நேர் பார்த்து எழுதிய மாதிரி இருக்கிறது எனக்கு.

நோய் என்று சொல்லவில்லை. இந்தப் படத்தில் இரண்டு பேர் வேலை செய்திருக்கிறார்கள் என்கிறேன். பயண ஓவியர் ஒருவர், கைதி ஒருவர். நீங்கள் ஒருவரை மட்டும் வெளியே விடுகிறீர்கள்.

#14 ஐப்பசி

சாம்பல்குருவி, இந்தத் தடவை உங்கள் பக்கம் கொஞ்சம் சாய்கிறேன். தலைப்பை எழுதின கை சிரிக்கிறது, ஆனால் கோட்டையை வரைந்த கை சிரிக்கவில்லை. அதையும் மற்றவற்றைப் போலவே அதே வெளிறிய நிறத்தில், அதே பொறுமையில் வைத்திருக்கிறார். இருட்டாகவோ பயமுறுத்துகிற மாதிரியோ ஆக்கவில்லை. பெயர் தெரியாவிட்டால் அது அழகான பழைய கோட்டை, அவ்வளவே. கைதி தலைப்பில் இருக்கிறார், நிறத்தில் இல்லை.

நிறம் பற்றி ஒரு எச்சரிக்கை. நீர்வண்ணம் வெளிச்சத்தில் வெளுக்கும். விக்டோரியா காலப் படங்கள் பல வரவேற்பறைச் சுவரில் வெயில் பட்டே வெளுத்தவை, அவுரி நீலம் முதலில் போகும், அதன் பின் வானம் பழுப்படிக்கும். அதனால்தான் மியூசியங்கள் இவற்றைப் பெட்டியில் வைத்து எப்போதாவதுதான் வெளியே எடுக்கின்றன, அதுவும் 50 லக்ஸ் (வெளிச்சத்தை அளக்கும் அலகு) மாதிரி மங்கல் வெளிச்சத்தில். "டாட்டின் சோகமான வெளிர்நிறம்" என்று உருகுவதற்கு முன் இதை நினைவில் வைத்துக்கொள்ளுங்கள். ஆனால் டாட் விஷயத்தில் அந்த மென்மை பெரும்பாலும் அவர் வைத்ததுதான் என்று எனக்குத் தோன்றுகிறது. அந்த வருஷங்களில் அவர் போட்ட மற்ற நீர்வண்ணங்களும் இதே சாயல்.

#15 தாமோ

அப்புறம் என்ன ஆனது? இன்னும் இருபத்தைந்து வருஷம் உயிரோடு இருந்தாரே, கடலை மறுபடி வரைந்தாரா?

#16 வன்னிமரம்

1864 ஜூலையில அவரை பெர்க்ஷயரில புதுசாக் கட்டின பிராட்மூருக்கு மாத்தினவை. மெக்நாட்டனையும் அந்த வருசமே. மேட்டு நிலம், நாலு பக்கமும் நல்ல தூரத்துக்குக் காட்சி தெரியும், பெத்லெமோட ஒப்பிட்டால் சொர்க்கம். கடல் இல்லை. அங்க உள் நாடக மேடைக்குத் திரை வரைஞ்சு குடுத்தார், மேடை அலங்காரம் செய்தார். அதுகள் ஒண்டும் மிஞ்சேல்லை. 1878 வாக்கில வரைஞ்ச நாடோடிப் பாட்டுக்காரர் படம் டேட்டில இருக்கு. அதிலயும் மலை, பழங்காலக் கட்டடம், கிழக்கத்தேயச் சாயல் எல்லாம் வரும். 1842ஆம் ஆண்டுப் பயணம் அந்த மனிசனுக்கு முடியவே இல்லை. 1886 ஜனவரியில நுரையீரல் வருத்தத்தில செத்தார், வயசு 68. பிராட்மூர் மயானத்திலயே தாட்டவை.

பெத்லெம் கட்டடத்தின்ர நடுப்பகுதி இண்டைக்கும் இருக்கு, போர் அருங்காட்சியகமா. வாசலில ரெண்டு பெரிய கடற்படைப் பீரங்கி நிக்குது. பிள்ளையள் அதில ஏறிப் படம் எடுப்பினம்.

#17 வெண்தாள்

இழையைச் சுற்றி வளைத்து நல்ல இடத்துக்குக் கொண்டுவந்துவிட்டீர்கள். சாம்பல்குருவியின் "இரண்டு பேர்" கணக்கை எடுத்துக்கொள்கிறேன், ஆனால் சரிபாதி இல்லை. என் கணக்கில் ஓவியர் பத்தில் எட்டு.

அதற்கு ஆதாரமாக இன்னொரு கடற்கரை. 1852இல் பெத்லெமின் மருத்துவர் சர் அலெக்சாண்டர் மாரிசனை டாட் எண்ணெய் வர்ணத்தில் வரைந்தார். இப்போது எடின்பரோவில் ஸ்காட்லாந்து தேசிய ஓவியக் கூடங்களில் இருக்கிறது. கறுப்புக் கோட்டு, கையில் உயரத் தொப்பி, கிழவர் நம்மைப் பார்க்கிறார். பின்னணியில் மாரிசனின் சொந்த ஊர்ப் பக்கம், நியூஹேவன் அருகே ஃபோர்த் கடற்கழி. இரண்டு மீன்காரப் பெண்கள் அந்த ஊர் உடுப்போடு நிற்கிறார்கள். அந்த இடத்தை டாட் பார்த்ததில்லை. மாரிசனின் மகள் போட்டுக் கொடுத்த ஒரு கோட்டுப்படம்தான் ஆதாரம். அதை வைத்து, பார்க்காத ஊரின் கடலையும் வெளிச்சத்தையும் மருத்துவர் முதுகுக்குப் பின்னால் சரியாக உட்கார வைத்தார். கைதி செய்யும் வேலையில்லை இது, கேட்டதைச் செய்து கொடுக்கும் தொழில்காரர் வேலை. அந்தப் பழக்கம் ஒன்பது வருஷம் கழித்து, கோட்டுப்படமே இல்லாமல், போர்ட் ஸ்ட்ராக்லினைக் கட்டியது.

#18 சாம்பல்குருவி

மாரிசன் படம் எனக்குப் பிடித்த படம். ஆனால் அந்தக் கிழவர் முகத்தைப் பாருங்கள் சார். கடற்கரையில் நிற்கிற ஆளின் முகமா அது? எட்டெல்லாம் கொடுக்க மாட்டேன். ஆறு.

#19 கொடிமரம்

ஆறோ எட்டோ, எனக்கு வேறு ஒரு சந்தேகம். ஊரின் ஒரு பகுதி என்றுதானே தலைப்பில் போட்டிருக்கிறார்? அப்படியானால் மீதி ஊர் பாறைக்கு அந்தப் பக்கம் இருக்க வேண்டும். கலங்கரை விளக்கம் இருக்கிற இடத்தைப் பார்த்தால் கப்பல்கள் உள்ளே வரும் வழியும் வேறு பக்கம். வன்னிமரம் தம்பி மறுபடி அந்த வாசிப்பறைக்குப் போனால் ஒரு உதவி: நங்கூரமிட்ட கப்பல்களின் மூக்கு எல்லாம் ஒரே பக்கம் பார்க்கிறதா என்று பார்த்துச் சொல்லுங்கள். ஒரே பக்கம் என்றால் அந்த ஊரில் நீரோட்டம் எங்கிருந்து வருகிறது என்று அவர் யோசித்திருக்கிறார்.

#20 வன்னிமரம்

பாத்துச் சொல்லுறன் ஐயா. பூதக்கண்ணாடியும் கேட்டு வாங்கவேணும்.